சும்மா வந்தவர்

எம் கல்லூரிப் பழைய மாணவர் ஒன்றுகூடல் ஒன்றிற்குச் சில காலத்தின் முன் சென்றிருந்தோம். தேவாரம் ஓதப்பெற்றது; குத்துவிளக்கு ஏற்றப்பெற்றது; மறைந்த ஆசிரியர்களை நினைந்து இரு நிமிட மௌனம் அனுட்டிக்கப்பெற்றது. இவையாவும் வழமைபோலவே நிகழ்ந்தன. வழமைக்கு மாறாக இருந்தது ஒன்றே. மண்டப வாயிலில் நின்ற இளைஞர் இருவர், வருவோர் ஒவ்வொருவரிடமும் விவரம் கேட்டு எழுதிக் கழுத்தில் அணிந்துகொள்ளுமாறு அட்டையொன்றை வழங்கினர். அதிற் பெயர், பதவி, நிறுவனம் என மூன்று வரிகள் இருந்தன. நிகழ்ச்சி நிரலில் இராப்போசனத்திற்கு முன்னர் ‘தொழில்சார் தொடர்பாடல்’ எனும் தலைப்பில் ஒரு மணித்தியாலம் ஒதுக்கப்பட்டிருந்தது.

எம்முடன் ஒரே வகுப்பிற் பயின்ற நண்பர் ஒருவரும் அன்று வந்திருந்தார். அவர் எட்டுப் பரப்புத் தோட்டத்தில் வெங்காயம் செய்பவர். பள்ளி நாள்களில் எமக்குப் பக்கத்து வாங்கில் இருந்தவர். கணிதத்தில் எம்மினும் வல்லவர். வாயிலில் நின்ற இளைஞர் பதவி யாதென வினவ, அவர் சிறிது தயங்கிப் பெயரை மட்டும் எழுதுவித்துக்கொண்டார். ஏனைய இரு வரிகளும் வெறுமையாய் நின்றன. சற்று நேரத்தில் அவ்வட்டையை அவர் மறுபுறமாகத் திருப்பிவிட்டதைக் கண்டோம். அந்த ஒரு மணித்தியாலத்துள் அவரை நோக்கி மூவர் வந்தனர். மூவரும் முகத்தைப் பார்க்குமுன் மார்பைப் பார்த்தனர். அட்டையின் வெண்புறத்தைக் கண்டனர். முறுவலித்து அப்பாற் சென்றனர். உணவு பரிமாறும்பொழுது அவரைக் காணவில்லை.

பின்னொரு நாள் அவர் தோட்டத்திற்குச் சென்றிருந்தபொழுது, அன்று உண்ணாமற் போனமைக்குக் காரணம் கேட்டோம். “அங்கை எல்லாரும் அலுவலாய் வந்தவங்கள், மச்சான். நான் சும்மா வந்தனான்” என்றார். கோபத்தோடு கூறினாரல்லர், வாய்க்காலில் தண்ணீர் மாறிக்கொண்டே கூறினார்.

அலுவலாய் வருதலுக்கும் சும்மா வருதலுக்கும் உள்ள வேறுபாட்டை அன்றுதொட்டு யாம் பலவாறு எண்ணிப் பார்த்து வருகின்றோம். எம் மொழியில் ‘சும்மா’ என்னும் சொல்லைப்போற் சுமை தாங்கும் சிறு சொற்கள் சிலவே. காரணமின்றி, கூலியின்றி, பயன் கருதாது, அமைதியாய் எனப் பல பொருள்களை அது இடத்திற்கேற்பத் தருகின்றது. சந்தையில் அது இலவசம். தாயுமானவரிடத்தும் அருணகிரிநாதரிடத்தும் அது ஞானத்தின் முடிபு. ஒருவன் வீட்டுப் படலையைத் திறந்துகொண்டு வந்து, வந்த காரியம் யாதென வினவப்படும்பொழுது “சும்மா வந்தனான்” என்பானாயின், அதனினும் மேலான விருந்தினன் எமக்கு இல்லை. அவன் எம்மிடம் எதனையும் பெறுவதற்கு வரவில்லை. எம்மைக் காண வந்தான்.

இன்று ஆங்கிலத்தில் ‘நெற்வேர்க்கிங்’ என வழங்கும் பழக்கம் இதற்கு நேர்மாறானது. உத்தியோகத்திலும் வணிகத்திலும் பயன்படக்கூடியோரை முன்கூட்டியே தேடி அறிமுகஞ் செய்து, அவ்வறிமுகத்தைப் பேணி, வேண்டியபொழுது பயன்படுத்துதலே அது. 2003ஆம் ஆண்டில் ‘லிங்க்ட்இன்’ எனும் இணையத்தளம் தோன்றிய பின்னர் அது ஒரு கலையாகவே பயிலப்படுகின்றது. தமிழில் இதனை ‘வலையமைத்தல்’ என்போரும் உளர். மொழிபெயர்த்தவர் அறிந்தோ அறியாமலோ உண்மையைக் கூறிவிட்டார் என்பது தமிழாசிரியராகிய எம் எண்ணம். வலை என்றதும் பிடிப்பவனும் பிடிபடுவதும் நினைவில் வருகின்றன அன்றோ?

தொழில் நாடுதல் இழிவென்று யாம் கூற வரவில்லை. வயிறு உடையார் எவரும் அவ்வாறு கூறார். பழைய மாணவர் ஒருவர்க்கொருவர் கைகொடுத்தலும் புதிதன்று. எம் தந்தையார் தலைமுறையினர் கொழும்பில் எழுதுவினைஞர்களாய் இருந்த காலத்தைப் பற்றிக் கேட்டிருக்கின்றோம். வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் ஊரவரும் பள்ளித் தோழரும் கூடி வீடொன்றை வாடகைக்கு எடுத்துச் சமையற்காரர் ஒருவரை அமர்த்தி வாழ்வர். அதற்குச் ‘சமறி’ என்று பெயர். ஊரிலிருந்து புதிதாய் வந்திறங்கும் இளைஞனுக்கு அங்கே ஒரு பாய் கிடைக்கும். எந்தத் திணைக்களத்தில் வெற்றிடம் உண்டு, எந்தப் பரீட்சைக்கு எப்பொழுது விண்ணப்பம் என்பனவெல்லாம் அவன் காதில் தாமாக விழும். ஆயின் சமறி அதற்காக அமைந்ததன்று. கந்தோர் விட்டு வந்தபின் சட்டையைக் கழற்றிக் கொடியில் இட்டுவிட்டு இருத்தற்காக அமைந்தது. 1956ஆம் ஆண்டில் ஓடத்தொடங்கிய யாழ்தேவியில் ஊர் செல்லும் நாள்வரையும் மாலைகளைக் கழித்தற்காக அமைந்தது. அரச கரும மொழிச் சட்டம் வந்ததும் அவ்வாண்டே. அதன்பின் அவ்வுத்தியோக வாழ்வு படிப்படியாய் மாறியது. 1983ஆம் ஆண்டின் பின்னர் சமறிகளும் அருகின.

அம்மாலைகளிற் பெரும்பாலும் ஆடப்பட்டது முந்நூற்று நான்கு எனும் சீட்டாட்டம். இதனை ஆடியறியாத மாணவர்பொருட்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். (எமக்கும் அதிற் சற்று ஆசை உண்டு.) முப்பத்திரண்டு சீட்டுக்கள், எதிரெதிரே அமரும் இருவர் ஒரு கட்சி. ஜாக்கிற்கு 30 புள்ளி, ஒன்பதிற்கு 20, ஆசிற்கு 11, பத்திற்கு 10. அரசனுக்கு மூன்றே புள்ளி, அரசிக்கு இரண்டு. ஓரினத்திற்கு 76 ஆக நான்கினத்திற்கும் 304. வெளியுலகில் அரசனுக்கு உள்ள மதிப்பு இங்கே ஒன்பதாம் சீட்டின் முன் நில்லாது. தலைமை எழுதுவினைஞரும் முந்தாநாள் வந்த பயிலுநரும் ஒரு கட்சியில் அமர்ந்து, பயிலுநர் துரும்பைத் தவறவிட்ட தலைமை எழுதுவினைஞரை வாயாரத் திட்டுவாராம். மறுநாட் காலை கந்தோரில் அவர் முன் எழுந்து நிற்பாராம். அத்திட்டிலே ஆதாயம் ஏதும் கருதப்பட்டிருப்பின் அதனை அவர் வாய் உரைத்திராது.

இவ்விடத்தில் எம்மை மறுப்போர் ஒரு வலிய சான்றைக் காட்டுவர். மார்க் கிரனொவெற்றர் எனும் அமெரிக்கச் சமூகவியலாளர் 1973ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரையொன்று இத்துறையிற் புகழ்பெற்றது. பொஸ்ரன் நகரை அடுத்த நியூற்றனில் அண்மையிற் புதுத் தொழில் பெற்றோரை அவர் வினவினார். தெரிந்தவர் வாயிலாகத் தொழில் பெற்றவருள் நூற்றுக்கு 17 பேர் அளவினரே தாம் அடிக்கடி காணும் ஒருவரிடமிருந்து செய்தி அறிந்திருந்தனர். ஏனையோர்க்குச் செய்தி தந்தவர், எப்பொழுதாவது காண்பவரோ மிக அரிதாய்க் காண்பவரோ ஆவர். நெருங்கிய நண்பரினும் தொலைவான அறிமுகமே தொழிலுக்குத் துணை என்பது இதன் கருத்து. ஆதலின் அறிமுகங்களைப் பெருக்குக என்கின்றனர் வலையாளர்.

அக்கட்டுரையைப் பொறுமையுடன் வாசிப்போர்க்கு இன்னொன்றும் தோன்றும். செய்தி தந்தோர் யார்? பழைய கல்லூரித் தோழர், முன்னாளில் உடன் வேலை செய்தவர், முன்னைய முதலாளி என்றிவ்வகையினர். அறுந்துகிடந்த தொடர்பு எங்ஙனம் மீண்டது? பெரும்பாலும் தற்செயலான சந்திப்பினாலும் இருவர்க்கும் பொதுவான நண்பரினாலும். கழுத்தில் அட்டை கட்டி ஒரு மணித்தியாலத்துள் இருபது பேரைக் கண்டு பெற்ற பயனன்று அது. முன்னொரு காலத்திற் பயன் கருதாது பழகியதன் எச்சமே பின்னொரு காலத்திற் கைகொடுத்தது. பயன் கருதிப் பழகத் தொடங்கினால் அவ்வெச்சம் எங்கிருந்து வரும்?

திருவள்ளுவர் பொருட்பாலில் நட்பின் நன்மை தீமைகளைத் தொடர்ந்து ஐந்து அதிகாரங்களில் ஆராய்கின்றார். அவற்றுள் ‘தீ நட்பு’ எனும் 82ஆம் அதிகாரத்தில், நட்பினால் வருவது எவ்வளவு என நிறுத்துப் பார்ப்போரைக் கள்வரோடு ஒரே வரிசையில் நிறுத்துகின்றார். இது கடுமையான தீர்ப்பு. ஆயின் அதற்குச் சற்று முன்னர் ‘பழைமை’ எனும் 81ஆம் அதிகாரம் உண்டு. மாணவர் அதனை விரைந்து கடந்துவிடுகின்றனர். நெடுநாட் பழகியவர் கேளாமலே உரிமையோடு ஒன்றைச் செய்வாராயின், அதனைப் பண்புடையார் விரும்பி ஏற்பர் என்பது அங்கே கூறப்படுவது. அறிமுகமும் விண்ணப்பமும் வேண்டாத அந்நிலை எய்துதற்குக் குறுக்குவழி கிடையாது, காலங் கழியவேண்டும். பழைய மாணவர் சங்கம் என்பதில் உள்ள ‘பழைய’ எனும் அடைமொழியை இப்பழைமையோடு சேர்த்து எண்ணுவது எம் வழக்கம்.

மொழி கற்பிப்போர்க்குரிய மற்றொரு குறிப்பையும் இங்குச் சொல்லிவிடுகின்றோம். ஆங்கிலத்திற் பாடசாலையைக் குறிக்கும் ‘ஸ்கூல்’ எனும் சொல், கிரேக்கத்தில் ஓய்வைக் குறித்த ‘ஸ்கோலே’ என்பதினின்று வந்தது. இலத்தீனில் ஓய்வுக்கு ‘ஓதியும்’ என்று பெயர். தொழிலுக்கு ‘நெகோதியும்’, அதாவது ஓய்வின்மை என்று பெயர். ஓய்வே முதற்சொல், தொழில் அதன் எதிர்மறை. எம் ‘பள்ளி’ எனும் சொல்லும் துயிலுமிடத்தைக் குறிப்பது. பள்ளியறை, திருப்பள்ளியெழுச்சி என்பவற்றிற் காண்க. துறவியர் தங்கிய பள்ளிகளே கற்குமிடங்களாயும் விளங்கின என்பர். வகுப்பில் உறங்கும் மாணவர் இதனைச் சான்றாகக் கொள்ளற்க.

எம் வகுப்பினர்க்கு வட்ஸ்அப் குழுவொன்று உண்டு. தொடக்கத்தில் அதிற் பிறந்தநாள் வாழ்த்துக்களும் மரண அறிவித்தல்களும் மறைந்த ஆசிரியர் ஒருவரின் பிரம்பைப் பற்றிய பகிடிகளும் வந்தன. இப்பொழுது காணி விற்பனையும் காப்புறுதியும் வருகின்றன. ஒருவர் தம் தாயார் நோயுற்றிருப்பதை அறிவித்தார். அதற்கு வந்த விடைகளுள் ஒன்று மருத்துவக் காப்புறுதித் திட்டமொன்றின் விவரம். அனுப்பியவர் தீயவரல்லர். எந்தப் பொழுது எதற்குரியது என்னும் உணர்வு அவரிடம் மழுங்கிவிட்டது.

வெளிநாட்டிலிருந்து வந்த வகுப்புத் தோழர் ஒருவர் எம்மை விருந்துக்கு அழைத்தமையும் நினைவுக்கு வருகின்றது. இருபது ஆண்டுகளின் பின் காண்கின்றோம் என்னும் மகிழ்ச்சியோடு சென்றோம். பாயசம் முடிந்ததும் மடிக்கணினி திறக்கப்பட்டது. யாம் பணம் இட்டுச் சேர்ந்து, எம் கீழ் மூவரைச் சேர்த்தால், அம்மூவரும் மும்மூவரைச் சேர்ப்பர் என்னும் கணக்கு விளக்கப்பட்டது. இத்தகைய பிரமிட் திட்டங்கள் வங்கித்தொழிற் சட்டத்தினால் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டவை. இலங்கை மத்திய வங்கியும் பன்முறை எச்சரித்துள்ளது. சட்டத்தினும் எம்மை வருத்தியது வேறொன்று. அன்று அவர் எம்மைக் கண்டதும் தழுவிக்கொண்டாரே, அத்தழுவலை எந்தக் கணக்கில் எழுதுவது என்பது இன்றும் எமக்குத் தெரியவில்லை.

பிறர் குற்றத்தைக் கூறிவிட்டு எம் குற்றத்தை மறைத்தல் நேர்மையாகாது. சில ஆண்டுகளின் முன், தொலைவிலுள்ள பாடசாலையொன்றிற் கடமையாற்றியபொழுது, ஊருக்கு அண்மையில் இடமாற்றம் பெற யாம் பெரிதும் விரும்பியிருந்தோம். வீட்டில் முதியோர் நோயுற்றிருந்தனர், விருப்பம் நியாயமானதே. எம்மோடு பயின்ற ஒருவர் அப்பொழுது அவ்விடயத்திற் சொல் செல்லக்கூடிய பதவியில் இருந்தார். அவருடைய கந்தோருக்குச் சென்று முறைப்படி கேட்டிருக்கலாம். யாமோ கல்லூரித் துடுப்பாட்டப் போட்டி நாளன்று மைதானத்தில் அவர் பக்கத்திற் போய் அமர்ந்தோம். அவர் வேப்பமர நிழலிற் கச்சான் கொறித்துக்கொண்டு, சப்பாத்தைக் கழற்றிவைத்து, மாணவன்போல் இருந்தார். எம்மைக் கண்டதும் பழைய பட்டப்பெயரால் அழைத்தார். இரண்டு ஓவர்கள் கழிந்தபின் யாம் இடமாற்றப் பேச்சை எடுத்தோம். அப்பொழுது அவர் முகம் மாறியதை யாம் மறக்கமாட்டோம். கால்கள் தாமாகச் சப்பாத்தைத் தேடின. எம் பந்துவீச்சாளன் விக்கெற்றொன்றை வீழ்த்தி மைதானமெங்கும் ஆரவாரம் எழுந்தபொழுது, அவர் எம் விண்ணப்ப இலக்கத்தைக் குறித்துக்கொண்டிருந்தார். இடமாற்றம் பின்னர் உரிய முறையிலேயே கிடைத்தது. ஆயினும் அதன்பின் எந்தப் போட்டியிலும் அவர் எம் பக்கத்தில் வந்து அமர்ந்ததில்லை. எம்மைக் கண்டால் இன்னமும் மரியாதையாக நலம் விசாரிக்கின்றார். பட்டப்பெயர் சொல்லி அழைப்பதில்லை.

இதனை எண்ணும்பொழுது, ஓய்வுக்கும் வேலைக்கும் இடையே வரம்பு வேண்டும் என்பது இரு பக்கத்தார்க்கும் நன்மையாகவே தோன்றுகின்றது. கேட்க வருவோன் கேட்கும் இடத்திற் கேட்கலாம். நிழலில் இருப்போன் நிழலில் இருக்கலாம். எம் முன்னோர் இவ்வரம்பைச் சட்டத்தினாலும் பெற முயன்றனர். 1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வாரத்திற்கு 45 மணித்தியால வேலையும் ஒன்றரை நாள் விடுமுறையும் விதித்தது. 1966ஆம் ஆண்டு முதல் 1971ஆம் ஆண்டு வரை இந்நாட்டில் வார விடுமுறை சனி, ஞாயிறு என்றில்லாது போயா நாள்களையொட்டி வழங்கியது என்பதை முதியோர் இன்றும் வேடிக்கையாகச் சொல்வர். விடுமுறை எந்தக் கிழமை என்பதிற் குழப்பம் இருந்ததாம். விடுமுறையில் என்ன செய்வது என்பதிற் குழப்பம் இருந்ததில்லையாம். இன்று கிழமை தெளிவாய் உள்ளது. ஆயின் ஞாயிற்றுக்கிழமை மாலையிற் கோயில் வீதியில் இருக்கும்பொழுதும் கந்தோர் சட்டைப் பையில் இருந்து மணியடிக்கின்றது.

மாணவரிடத்தும் இது பரவுகின்றது என்பதே எம் பெருங் கவலை. எம் வகுப்பு மாணவன் ஒருவனைத் தமிழ் மன்றத்தின் கவியரங்கிற்கு அழைத்தோம். “சேர்ட்டிபிக்கற் தருவீங்களோ, சேர்?” என்றான். அவன்மேற் குறையில்லை. எதிர்காலத்தில் நேர்முகப் பரீட்சையில் எவையெவை கேட்கப்படும் என அவனுக்கு வீட்டிலும் வெளியிலும் சொல்லப்பட்டிருக்கின்றது. சதுரங்கம் ஆடுவதும் சாரணர் பாசறைக்குச் செல்வதும் கோப்பொன்றினுள் இடப்படும் தாள்களாகிவிட்டன. 1990ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் அற்றிருந்த காலத்தில் யாம் சிறுவராய் இருந்தோம். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுழற்றி, டைனமோவினால் வானொலி கேட்போம். சுழற்றுவது நின்றால் பாட்டும் நிற்கும். ஒருவன் சுழற்ற ஐவர் கேட்போம். பெரும்பாலும் சுழற்றியவர் மேலே சொன்ன வெங்காயத் தோட்டத்து நண்பரே. அதற்கு எவரும் அவருக்குச் சான்றிதழ் கொடுக்கவில்லை; அவரும் எவர் கையையும் எதிர்பார்த்துச் சுழற்றவில்லை.

இவ்விழா ஆண்டில் சங்கத்தார்க்கு எம் வேண்டுகோள் இதுவே. தொழில் வழிகாட்டலுக்கெனத் தனியே ஒரு நாளை ஒதுக்குக. அது வேலைநாளாய் இருக்கட்டும். கல்லூரி நூலகத்தில் நடைபெறட்டும். மருத்துவரும் பொறியியலாளரும் கணக்காளரும், வெங்காயம் செய்பவரும் உடன் வந்திருந்து உயர்தர வகுப்பு மாணவர்க்குத் தத்தம் தொழிலைப் பற்றிக் கூறட்டும். வேலை தேடும் பழைய மாணவர் தம் விவரத்தை வெளிப்படையாகக் கொடுத்து, உதவக்கூடியோர் வெளிப்படையாக உதவட்டும். இதில் நாணத்தக்கது ஒன்றுமில்லை. ஒன்றுகூடலன்றோ வேறு. அங்கே அட்டை வேண்டுமாயின் பெயரும் கல்லூரியை விட்ட ஆண்டும் போதும். வயது முதிர்ந்தார் பலர்க்குப் பெயர் மறந்துபோவதால் அட்டையே வேண்டாம் என யாம் வற்புறுத்தவில்லை. சீட்டாட்டம் கல்லூரி வளவினுட் கூடாது என்பாரும் உளர். அவர் சொல்வது விதியே. கரம் பலகைகள் நான்கு போதும்.

இக்கருத்தைச் செயற்குழுவினர் சிலரிடம் சொல்லிப் பார்த்தோம். ஒருவர், வெளிநாட்டுக் கிளைகளிலிருந்து வருவோர் குறுகிய விடுமுறையில் வருகின்றனர், அவர்க்குப் பயனுள்ளதாய் ஏதாவது இருக்கவேண்டாவா என்றார். இது புறக்கணிக்கத்தக்க வினாவன்று. ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இரண்டு வேலைகள் பார்த்து விடுமுறை சேர்த்து வருபவர்கள் அவர்கள். ஆயின் அவர்களுட் பலர் எம்மிடம் தனியே சொன்னது, அங்கே கிடையாதது ஒரு மாலைப் பொழுதில் எதுவும் செய்யாமல் இருப்பதே என்பதாகும். மற்றொருவர், அட்டை ஏற்கெனவே அச்சிட்டாயிற்று என்றார்.

தோட்டத்து நண்பரிடம் அடுத்த ஒன்றுகூடலைப் பற்றிச் சென்ற வாரம் கூறினோம். வெங்காயம் பிடுங்கி முடிந்திருந்தால் வருவதாகச் சொன்னார். கரம் பலகை வைக்கும் யோசனையைக் கூறியபொழுது, ஸ்ரைக்கரைத் தாமே கொண்டுவருவதாகவும், கல்லூரியில் உள்ளது எம் காலத்திலேயே விளிம்பு உடைந்தது எனவும் நினைவூட்டினார்.